ஆசிரியைகளை உருவாக்கிய சகோதரி

குழந்தைகளே! வண்டலூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? உயிரியல் பூங்காதானே! வெள்ளைப் புலியையும் நீர்யானையையும் பார்க்கப் பள்ளியிலிருந்து பஸ்ஸில் கும்பலாகப் போயிருப்பீர்கள். அந்தப் பூங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், தாம்பரத்துக்குக் கிழக்கே, மாடம்பாக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர் அது. இன்று அது தாம்பரம் மாநகராட்சியில் ஒரு பகுதி. வீடுகளும் கடைகளுமாக நெருக்கமாக இருக்கிறது.

1954-ஆம் ஆண்டில் மாடம்பாக்கம் ஒரு கிராமம். அந்த ஆண்டு, ஏறத்தாழ 68 வயதான ஒரு பெண்மணி அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல மையம் தொடங்க உதவினார். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அப்போது சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். வீட்டில் ஓய்வாக இருக்க வேண்டிய வயதில் கிராமத்தைத் தேடிப் போன அவர் யார்?

அவர்தான் சகோதரி சுப்புலட்சுமி. ஆங்கிலத்தில் சிஸ்டர் சுப்புலட்சுமி என்பார்கள். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள்! இவர் பாட்டுக்காரர் அல்ல, டீச்சர். அதுவும் டீச்சர்களுக்கே டீச்சர்!

மாவட்டத்தில் முதல்

சுப்புலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். அப்பா பெயர் சுப்பிரமணிய ஐயர். தஞ்சாவூர் மாவட்டம் ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்டவர். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். அம்மா பெயர் விசாலாட்சி. சுப்புலட்சுமிதான் அவர்களுக்கு மூத்த மகள்.

ஒன்பது வயதில் சுப்புலட்சுமி நான்காம் வகுப்பு பொதுத் தேர்வு எழுதினாள். ஆமாம், அந்தக் காலத்தில் நான்காம் வகுப்புக்கே பொதுத் தேர்வு உண்டு! அதில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினாள். வண்டலூர், தாம்பரம் எல்லாம் அன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன.

இத்தனை கெட்டிக்காரப் பெண்ணை மேலே மேலே படிக்க வைத்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்தக் காலத்து வழக்கம் வேறாக இருந்தது. பெண் குழந்தைகளுக்குப் பத்து, பன்னிரண்டு வயதிலேயே கல்யாணம் செய்துவிடுவார்கள். சுப்புலட்சுமிக்கும் அப்படியே சிறு வயதில் கல்யாணம் நடந்தது. சிறிது காலத்திலேயே அந்தக் கணவர் இறந்துபோனார்.

அந்த நாளில் கணவர் இறந்துவிட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். அவள் உங்கள் வயதுச் சிறுமியாக இருந்தாலும் அப்படித்தான். கலர்ப் பாவாடை கூடாது. பூ வைக்கக் கூடாது. பல குடும்பங்களில் தலைமுடியையும் மழித்துவிடுவார்கள். பண்டிகை, கல்யாணம் என்று எங்கும் போகக் கூடாது. வீட்டு மூலையில் உட்கார்ந்து, சமையல்கட்டில் வேலை செய்தே ஆயுளைக் கழிக்க வேண்டும். பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெற்றோர் எடுத்த முடிவு

சுப்புலட்சுமியின் அப்பாவும் அம்மாவும் துணிச்சலான ஒரு முடிவு எடுத்தார்கள். மகளை மூலையில் உட்கார வைக்கப் போவதில்லை, படிக்க வைக்கப் போகிறோம் என்பதுதான் அந்த முடிவு. வீட்டிலேயே கொஞ்ச காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார் அப்பா. பிறகு, கிறிஸ்தவக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்ட் பள்ளியில் சேர்த்தார். உறவினர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஏசினார்கள். அப்பா அசரவில்லை.

அந்தப் பள்ளியில் சுப்புலட்சுமி ஒன்றைக் கவனித்தார். கன்னியாஸ்திரிகள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக யாரும் அவர்களைத் துரதிர்ஷ்டசாலிகள் என்று ஒதுக்கவும் இல்லை. அவர்கள் பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே மதிப்போடு வாழ்ந்தார்கள். தானும் அப்படி வாழ முடியும் என்ற எண்ணம் அவர் மனதில் விழுந்தது. பின்னாளில் அவர் சேவையைப் பார்த்த மக்கள், கன்னியாஸ்திரிகளை அழைப்பதுபோல் அவரையும் சகோதரி என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1911-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று வரலாற்றில் அவர் பெயர் குறிக்கப்படுகிறது. அன்றைய சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாட்டைவிட மிகப் பெரியது. ஆந்திரத்தின் பெரும்பகுதியும், கேரளம், கர்நாடகத்தின் சில பகுதிகளும் அதில் அடங்கும். அவ்வளவு பெரிய மாகாணத்தில் முதல் ஆள் என்றால் சும்மாவா!

இரண்டு முடிச்சு, ஒரே இழுப்பு

சுப்புலட்சுமிக்கு நல்ல அப்பா, அம்மா கிடைத்தார்கள். படித்தார். ஆனால் அவரைப் போலவே சிறு வயதில் கணவரை இழந்து, ஊர் ஊராக வீட்டு மூலைகளில் முடங்கிக் கிடந்த மற்றச் சிறுமிகள்? அவர்களைப் பற்றிய நினைவு சுப்புலட்சுமியை விடவில்லை.

அப்போது சென்னையில் கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி இருந்தார். பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடும் ஆய்வாளர் அவர். அவருக்கு வேறொரு கவலை.

என்ன கவலை தெரியுமா? பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தாலும் பாடம் நடத்தப் பெண் ஆசிரியர்கள் இல்லை. ஆண் ஆசிரியர் என்றால் பல பெற்றோர் பெண்களை அனுப்ப மாட்டார்கள். பெண்கள் படிக்கவில்லை என்றால் நாளைக்குப் பெண் ஆசிரியர் எங்கிருந்து வருவார்? ஆசிரியை இல்லாததால் படிப்பு இல்லை. படிப்பு இல்லாததால் ஆசிரியை இல்லை. கோழி முதலா, முட்டை முதலா என்பதுபோல் ஒரு முடிச்சு!

இன்னொரு பக்கம், கணவரை இழந்த சிறுமிகளின் முடிச்சு. அவர்களுக்கு வாழ வேண்டிய காலம் நிறைய இருந்தது. ஆனால் வாழ வழியில்லை. சொந்தமாக ஒரு காசு சம்பாதிக்க முடியாது. அப்பா காலத்துக்குப் பிறகு அண்ணன் வீடு, தம்பி வீடு என்று யார் தயவிலாவது இருக்க வேண்டும்.

இந்த இரண்டு முடிச்சையும் ஒரே இழுப்பில் அவிழ்க்கலாம் என்பதை சுப்புலட்சுமியும் லிஞ்சும் கண்டுகொண்டார்கள். அந்தச் சிறுமிகளைப் படிக்க வைத்து ஆசிரியர் பயிற்சி கொடுத்தால், அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கும். பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பார்கள்!

1912-ஆம் ஆண்டில் அந்த வேலை தொடங்கியது. பெண்கள் கூடிப் பேசவும், படிக்கவும், வரதட்சணை கொடுக்க மாட்டோம் என்று உறுதி எடுக்கவும் சாரதா மகளிர் சங்கம் என்ற அமைப்பை சுப்புலட்சுமி தொடங்கினார். கணவரை இழந்த சிறுமிகளுக்காக ஓர் இல்லமும் எழும்பூரில் உருவானது. முதலில் ஒரு சில சிறுமிகள்தான். சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள் அவருக்குத் துணையாக நின்றார். அவரும் இளம் வயதில் கணவரை இழந்தவர்தான்.

இதே முயற்சி வேறு ஊர்களிலும் நடந்திருக்கிறது. மராட்டியத்தில் பண்டித ரமாபாய் 1889-இல் சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார். தோண்டோ கேசவ் கார்வே 1896-இல் புனேயில் ஓர் இல்லம் தொடங்கினார். ஆனால் அந்த இல்லங்கள் இருந்தது வெகு தூரத்தில். தெற்கே இருந்த சிறுமிகளுக்கு சுப்புலட்சுமியின் வீட்டுக் கதவுதான் திறந்தது.

ஐஸ் வைத்த வீட்டில் அடைக்கலம்

சிறுமிகளின் எண்ணிக்கை கூடியது. எழும்பூர் வீடு போதவில்லை. பெரிய இடமாகத் தேடினார்கள். மெரினா கடற்கரை எதிரே ஒரு வட்டமான கட்டடம் கண்ணில் பட்டது. அதுதான் ஐஸ் ஹவுஸ்.

அது என்ன ஐஸ் ஹவுஸ்? ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில், அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து ஐஸ் கட்டிகளை அறுத்து எடுப்பார்கள். மரத்தூள் போட்டு மூடிக் கப்பலில் ஏற்றுவார்கள். பல மாதம் கடலில் பயணம் செய்து அது சென்னைக்கு வரும். அதைச் சேமித்து வைக்க ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரியின் நிறுவனம் 1842-இல் கட்டிய கட்டடம் இது. பின்னாளில் ஐஸ் வியாபாரம் நின்றுவிட்டது. கட்டடம் கைமாறியது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் இங்கே சில நாட்கள் தங்கினார்.

அந்தக் கட்டடத்தில்தான் சுப்புலட்சுமியின் சிறுமிகள் குடியேறினார்கள். வெயிலையே பார்க்காமல் வளர்ந்த பெண்களுக்கு, ஜன்னலைத் திறந்தால் கடல்! வீட்டு மூலை மட்டுமே தெரிந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலை சுலபமாக நடந்துவிடவில்லை. பெண்களைக் கெடுக்கிறார் என்று பழமையை விடாதவர்கள் திட்டினார்கள். பழைய வழக்கங்களை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார் என்று சீர்திருத்தம் பேசியவர்கள் குறை சொன்னார்கள். இரண்டு பக்கமும் அடி! பூஜை, சாப்பாடு, ஆசாரம் போன்றவற்றில் பெற்றோரின் பழக்கங்களை இல்லத்தில் கடைப்பிடித்தார் சுப்புலட்சுமி. அப்படிச் செய்யாவிட்டால் மறுநாளே பெற்றோர் வந்து பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அவளுக்குப் படிப்பு ஏது?

இதில் ஒரு குறையும் இருந்தது. அந்த விடுதி பிராமணக் குடும்பத்துச் சிறுமிகளுக்கு மட்டும் என்று இருந்தது. மற்றச் சமூகத்துப் பெண்களுக்கும் கஷ்டம் இருந்தது, அவர்களுக்கும் படிப்பு தேவைப்பட்டது. ஒரே விடுதியில் எல்லோரும் சேர்ந்திருக்கும் நிலை அன்று வரவில்லை. ஆனால் சுப்புலட்சுமியின் வேலை அந்தச் சுவருக்குள்ளேயே நின்றுவிடவில்லை. ஐஸ் ஹவுஸுக்கு எதிரே இருந்த குப்பத்து மீனவக் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி தொடங்கினார்.

டீச்சர் ஆவது எப்படி?

1922-ஆம் ஆண்டு. சென்னையில் பெண்களுக்கென்று லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வெலிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் அமைந்த அரசுக் கல்லூரி. அதன் முதல் முதல்வர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் சகோதரி சுப்புலட்சுமிதான்! வீட்டு மூலையில் உட்கார வேண்டியவள் என்று ஊரார் சொன்ன அதே பெண், இப்போது ஒரு கல்லூரிக்கே தலைமை!

எல்லாப் பெண்களாலும் பட்டம் வரை படித்துவிட முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு படிப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பயிற்சி. பள்ளிப் படிப்பை மட்டும் முடித்தவர்களுக்கு அவரவர் படிப்புக்குத் தக்கபடி வேறு பயிற்சிகள். இப்படி மூன்று வகைப் பயிற்சிகளை அங்கே கொண்டுவந்தார். கொஞ்சம் படித்திருந்தாலும் போதும், தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆகலாம் என்ற வழி இதனால் பிறந்தது. ஏழைப் பெண்களுக்கு இது எத்தனை பெரிய வாய்ப்பு!

கல்லூரியோடு சேர்ந்தே ஒரு மாதிரிப் பள்ளியும் இருந்தது. அது எதற்கு? நீச்சலைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது அல்லவா? தண்ணீரில் இறங்க வேண்டும். பாடம் நடத்துவதும் அப்படித்தான். பயிற்சி பெறுபவர்கள் முதலில் பாடக் குறிப்பு எழுதுவார்கள். அப்புறம் நிஜமான வகுப்பில், நிஜமான குழந்தைகள் முன்னால் நின்று பாடம் நடத்துவார்கள். பெரிய ஆசிரியை பின்னால் உட்கார்ந்து கவனித்து, எங்கே சரி, எங்கே தப்பு என்று பிறகு சொல்லித் தருவார். இன்றும் உங்கள் பள்ளிக்குச் சில மாதங்களில் புதிய அக்காக்கள், அண்ணன்கள் வந்து பாடம் எடுக்கிறார்களே, கவனித்திருக்கிறீர்களா? அது இந்தக் கற்பித்தல் பயிற்சிதான்.

இன்னொன்றும் செய்தார் சுப்புலட்சுமி. தன் இல்லத்தின் வழியாகப் படித்து வந்த, கணவரை இழந்த பெண்களையே உடற்கல்வி ஆசிரியைகளாக நியமித்தார். வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள், மைதானத்தில் விசில் ஊதி மாணவிகளை ஓடச் சொன்னார்கள்!

கையும் கணக்கும்

சுப்புலட்சுமியின் கல்லூரியில் கைத்தொழில் பயிற்சிக்கும் முக்கியத்துவம் இருந்தது. டீச்சர் ஆகப் போகிறவருக்குக் கைத்தொழில் எதற்கு என்று கேட்பீர்கள்.

அந்தக் காலப் பெண்கள் பள்ளிகளில் தையல் ஒரு பாடம். வீட்டை நிர்வகிப்பது, சத்தான சமையல், சுத்தம், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைச் சேர்த்து மனையியல் என்று இன்று சொல்கிறோம். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர்கூட, தையல் கற்றுத் தருகிறார்கள் என்றால் சரி என்பார்கள். தையல் கற்க வந்த பெண் எழுத்தையும் கணக்கையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு போவாள்.

கைவேலைக்குள் எத்தனை பாடம் ஒளிந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள். ஒரு பை தைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துணியை அளக்கும்போது நீளம், அகலம், பரப்பளவு வருகிறது. துணி 40 ரூபாய், நூல் 5 ரூபாய், கைப்பிடி 5 ரூபாய் என்றால் செலவு 50 ரூபாய். 70 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 20 ரூபாய். அதைத் தைக்க இரண்டு மணி நேரம் ஆனால், ஒரு மணி நேர உழைப்புக்கு 10 ரூபாய்தான் கிடைக்கிறது. போதுமா? போதாது என்றால் என்ன செய்யலாம்? துணியை மொத்தமாக வாங்கினால் விலை குறையுமா? வேகமாகத் தைக்க வழி உண்டா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர் கூலிக்குத் தைப்பதோடு நிற்க மாட்டார். சொந்தத் தொழிலே தொடங்கிவிடுவார்! கணக்கு தெரியாமல் தைக்க மட்டும் தெரிந்தால் யாராவது ஏமாற்றிவிடுவார்கள். கணக்கு மட்டும் தெரிந்து கைவேலை தெரியாவிட்டால் விற்க ஒன்றும் இருக்காது. இரண்டும் சேர வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்து, 1937-இல், காந்தியடிகள் வார்தாவில் ஒரு கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கைத்தொழிலை மையமாக வைத்துப் பாடங்களைக் கற்பிக்கும் ஆதாரக் கல்வி அது. நூல் நூற்பது, நெசவு, தோட்டவேலை ஆகியவற்றின் வழியாகக் குழந்தைகள் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இதற்கும் முதல் தேவை பயிற்சி பெற்ற ஆசிரியர்களே. ஆசிரியருக்கே ராட்டை சுற்றத் தெரியாவிட்டால் மாணவனுக்கு எப்படி வரும்?

சட்டத்துக்காகவும் குரல்

தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்தால் மட்டும் போதுமா? அவர்கள் உருவாகாமலே தடுக்க வேண்டாமா? குழந்தைத் திருமணமே ஒழிந்தால்தானே குழந்தை விதவைகளும் இருக்க மாட்டார்கள்!

திருமண வயது பற்றி ஆராய அரசு அமைத்த ஜோஷி குழு முன்பு சுப்புலட்சுமி சாட்சி சொன்னார். 1929-இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14 வயது, ஆணுக்கு 18 வயது நிரம்ப வேண்டும் என்றது அந்தச் சட்டம். பிறகு பெண்ணின் திருமண வயது 18 ஆகவும், ஆணுக்கு 21 ஆகவும் உயர்ந்தது.

அந்த நாளில் இதே சென்னையில் இன்னொரு பெண்மணியும் பெண்களுக்காகப் பாடுபட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் அவர். அவ்வை இல்லம் தொடங்கியவர். வேடிக்கை என்ன தெரியுமா? அவர் பிறந்ததும் அதே 1886-ஆம் ஆண்டுதான்!

ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை

கல்லூரி முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சுப்புலட்சுமி என்ன செய்தார்? மீண்டும் பள்ளி தொடங்கினார்! சிறு வயதில் படிப்பை விட்டுவிட்டு, கல்யாணம், குழந்தைகள் என்று ஆகிவிட்ட பெண்கள் ஏராளம். அவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய் உட்கார முடியுமா? வெட்கமாக இருக்காதா? அவர்களுக்காகவே 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளி அமையக் காரணமாக இருந்தார். அம்மாக்களும் அத்தைகளும் ஸ்லேட்டைப் பிடித்தார்கள்.

1952 முதல் 1956 வரை சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். மயிலாப்பூர் லேடீஸ் கிளப் பள்ளிக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அந்தப் பள்ளிதான் 1956-இல் வித்யா மந்திர் ஆனது.

இதற்கெல்லாம் நடுவில்தான் மாடம்பாக்கம் வருகிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் தாம்பரத்தைத் தாண்டிவிட்டால் ஏரியும் வயலுமாகக் கிராமங்கள்தான். நகரத்துப் பெண்களுக்குக் கல்லூரி வந்துவிட்டது. கிராமத்துப் பெண்களுக்கு?

சுதந்திரத்துக்குப் பிறகு நாடு முழுவதும் இந்தக் கேள்வி எழுந்தது. 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. கிராமங்களில் குழந்தைகளுக்குப் பால்வாடி, பெண்களுக்கு எழுத்தறிவு, தையல் போன்ற கைத்தொழில், தாய் சேய் நலம் என்று பல இடங்களில் நல மையங்கள் எழுந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான், 1954-இல், மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சமூக நல மையம் உருவாக சுப்புலட்சுமி உதவினார். ஒன்பது வயதில் எந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் முதலாவதாகத் தேறினாரோ, அதே மாவட்டத்துக் கிராமத்துக்கு முதுமையில் உதவிக்கரம் நீட்டினார்.

அவர் சேவைக்கு ஆங்கிலேய அரசு 1920-இல் கெய்சர்-ஐ-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கியது. சுதந்திர இந்தியா 1958-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. இரண்டு அரசுகளிடமும் விருது பெற்றவர்! 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசி நாளில், தமது 83-ஆம் வயதில் காலமானார்.

ஒரு சின்னக் கணக்கு

சுப்புலட்சுமி எத்தனை பேருக்கு உதவியிருப்பார்? பேப்பரும் பென்சிலும் எடுங்கள், ஒரு கணக்குப் போடலாம்.

ஓர் ஆசிரியை ஆண்டுக்கு 30 குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆண்டுகள் வேலை பார்த்தால் 900 குழந்தைகள். ஒரு வகுப்பில் 20 ஆசிரியைகள் பயிற்சி முடித்து வெளியே போனால்? 18,000 குழந்தைகள்! அதுவும் ஒரே ஓர் ஆண்டு வகுப்பிலிருந்து! அந்தக் குழந்தைகளில் சிலர் மறுபடியும் ஆசிரியர் ஆவார்கள். கணக்கு முடியவே முடியாது.

ஒரு சிறுமிக்கு ஒரு வேளைச் சோறு போட்டால் அன்றைய பசி தீரும். ஒரு தொழில் கற்றுக் கொடுத்தால் அவள் ஆயுளுக்கும் சாப்பிடுவாள். தொழிலைக் கற்றுக் கொடுக்கவே கற்றுக் கொடுத்துவிட்டால் ஊரே சாப்பிடும். சகோதரி சுப்புலட்சுமி செய்தது இந்த மூன்றாவது வேலை.

அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளே, உங்களுக்கு அரசு இலவசமாகத் தரும் சீருடையை யார் தைக்கிறார்கள் தெரியுமா? மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் பெண்கள்தான். அவர்கள் எல்லோருக்கும் என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் ஊசியில் நூல் கோக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார். அடுத்த முறை சட்டைப் பட்டனைப் போடும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஐஸ் ஹவுஸ் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் கல்வி நிறுவனமும் இருக்கிறது. மெரினாவுக்குப் போனால் சுண்டலைக் கொறித்துக்கொண்டே அந்த வட்டக் கட்டடத்தையும் ஒரு முறை பாருங்கள்.

சில முக்கிய ஆண்டுகள்

1886 - மயிலாப்பூரில் பிறப்பு
1911 - பி.ஏ. பட்டம்
1912 - சாரதா மகளிர் சங்கம் தொடக்கம்
1920 - கெய்சர்-ஐ-ஹிந்த் பதக்கம்
1922 - லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வர்
1942 - ஸ்ரீவித்யா கலாநிலையம்
1952-56 - சட்ட மேலவை உறுப்பினர்
1954 - மாடம்பாக்கம் சமூக நல மையம்
1958 - பத்மஸ்ரீ
1969 - மறைவு

செய்து பாருங்கள்

உங்கள் பாட்டி எத்தனையாவது வரை படித்தார் என்று கேளுங்கள். படிப்பை ஏன் நிறுத்தினார் என்றும் கேளுங்கள். தையல், பின்னல், ஊறுகாய் போடுவது, அப்பளம் இடுவது என்று அவருக்குத் தெரிந்த ஒரு கைவேலையை இந்த விடுமுறையில் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். அப்படியே அதற்கு ஆகும் செலவையும் ஒரு நோட்டில் கணக்கு எழுதிப் பாருங்கள். பாட்டிக்குப் படிக்க ஆசை இருந்தால், நீங்கள் அவருக்கு டீச்சர் ஆகிவிடுங்கள்!